பதுளைக் கான் தண்ணீர் தெளிய எவ்வளவு நேரம்?

எல்லவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பாலத்தைப் படம் பிடிப்பார்கள். நான் அங்கே தங்கி, பதுளைக்குச் சாக்கடைக் கான் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள், என் வேலை அப்படி. ஐப்பசி மழை தொடங்கிய வாரம். நகரத்துக் கழிவுநீர்க் கான் ஒன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக் கிணற்றை ஒட்டிப் போகிறது. மழை பெய்தால் சேறு கிணற்றுக்குள் வழிகிறது. நடுவில் சேறு படிய ஒரு தொட்டி கட்டலாம். ஆனால் அங்கே இருப்பது கையகல இடம். ஒரு மணி நேரத்தில் சேறு படிந்தால் சின்னத் தொட்டி போதும். இல்லாவிட்டால் திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

காலை 7.10 பஸ். இருபத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மலைகளைப் பனி மூடுவதும் விடுவதுமாக இருந்தது. மடியில் சேறு படிவதை அளக்கும் ஒரு லீற்றர் கண்ணாடிக் கூம்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, தூக்கமும் விழிப்புமாகப் போய்ச் சேர்ந்தேன். பிறகு ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், ஐந்நூறு ரூபாய். "மழைன்னா கடைசி வளைவுல இறங்கி நடக்கணுங்க" என்றார் டிரைவர். சொன்னபடியே நடக்க விட்டார், புண்ணியவான்!

கிணற்றடி வீட்டுச் செல்வராணி அக்காவின் வாசலில் கூம்பை நிறுத்தி, கான் தண்ணீரை ஊற்றினேன். மணி 9.20. பழுப்பு நீருக்குள் துகள்கள் மெல்ல, மிக மெல்ல இறங்கின. பார்த்துக்கொண்டே இருந்தால் உலகமே மறந்துபோகும். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"தேத்தண்ணி ஆறுது, உள்ள வாங்க மிஸ்" என்றார் அக்கா. நான் தேத்தண்ணியைக் குடித்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒருதடவை வெளியே போய்வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் கூம்பில் பளிங்குத் தண்ணீர்! சேறெல்லாம் அடியில். அடடா, தொட்டி வந்துவிட்டது என்று துள்ளினேன்.

"தெளிஞ்சிருச்சுங்களா? சீனக்காரம் கொஞ்சம் போட்டு கலக்கி விட்டேங்க. பாவம், எவ்வளவு நேரந்தான் காத்துக்கிட்டு இருப்பீங்க?"

படிகாரம் போட்டால் எந்தச் சேறும் சட்டென்று படிந்துவிடும், என் சோதனை வீண். கோபம் வாய்வரை வந்தது. "ஏன்க்கா இப்படி செஞ்சீங்க?"

"கிணத்துத் தண்ணிக்கு தினமும் போடுறதுதானுங்களே. இல்லன்னா புள்ளைங்க எப்படிக் குடிக்கும்?"

வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கிணறு குளிக்கவும் துவைக்கவும் மட்டும் என்றுதான் அலுவலகம் தந்த படிவத்தில் முன்பே அச்சாகியிருந்தது.

மறுபடி அள்ளினேன். 10.05 முதல் 11.05 வரை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அடியில் இரண்டு மில்லிலீற்றர் படிந்திருந்தது. மேலே இன்னும் தேத்தண்ணி நிறம்.

"அப்போ தொட்டி கட்ட மாட்டாங்களா?"

"சின்னத் தொட்டி சரிவராதுக்கா."

முதல் கணக்கை எழுதியிருந்தால் தொட்டி வந்திருக்கும். சேறும் அதைத் தாண்டிக் கிணற்றுக்கே போயிருக்கும்.

இந்தப் பக்கம் தண்ணீர் சோதிக்கப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். கூம்புக்கு ஒரு மூடி கொண்டுபோங்கள். எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று அங்கே இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. நான் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: "இவர்களுக்குக் குடிக்க வேறு தண்ணீர் வேண்டும். இப்போது இதைத்தான் குடிக்கிறார்கள். இன்று நானும் குடித்தேன்."