கப்டன் கடலில் விட்ட ஆமை

திருகோணமலைக்கு வடக்கே இறக்கக்கண்டிக் கரையில் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கும் மகள் நேற்று என் கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பேத்தி ஓர் ஆமைக்குஞ்சை மணலில் விடுகிறாள். அது குடுகுடுவென்று கடலுக்கு ஓடுகிறது, சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். பார்த்ததும் எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது. ஆமைக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருகோணமலையில் ஒரு சவுண்ட் சேர்விஸ் கடையில் வேலை செய்தேன். திருவிழா, கல்யாண வீடு, தேர்தல் கூட்டம் என்று எங்கே சத்தம் வேண்டுமோ அங்கே மண்ணெண்ணெய் ஜெனரேற்றரோடு போய் இறங்குவேன். குளித்தாலும் மண்ணெண்ணெய் மணம் போகாது. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட கொஞ்சம் தள்ளித்தான் இருந்தார்கள்.

அப்படித்தான் கப்டனைப் பழக்கம். இரண்டாம் உலகப் போரில் பர்மாச் சண்டையில் வீரப் பதக்கம் வாங்கிய மனுஷன். பென்சனை எடுத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடக்கலாம்தானே? மாட்டார். விடிகிற நேரம் இறக்கக்கண்டிக் கரையில் பொல்லுத்தடியோடு நிற்பார், ஆமைமுட்டை தோண்ட வருகிறவர்களைத் துரத்த. முதலில் ஊர் சிரித்தது. பிறகு மெல்ல மெல்ல அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. எனக்கு அவர்மேல் பக்தி என்றே சொல்லலாம்.

அந்தக் காலத்தில்தான் டிவியும் வந்தது. கப்டனையும் ஆமைகளையும் படம்பிடிக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஜெனரேற்றர் எங்கள் கடையுடையது. டிவியில் வருவேன் என்ற நப்பாசையில் நான் கடற்கரைக்கு பெல்பொட்டம் போட்டுக்கொண்டு போனேன். கடைசியில் வந்தது என் முழங்கை மட்டும்தான்.

ஆனால் ஓர் ஆமையும் கரையேறவில்லை. நாளைக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுகிறோம் என்றார்கள் படம்பிடிக்க வந்தவர்கள். கப்டனின் முகம் செத்துப்போயிற்று. அந்தோனி அண்ணையைக் கூப்பிட்டு ஏதோ கதைத்தார். அந்தோனி அண்ணை அந்த ஊர் மீனவர். ஒரு காலத்தில் கப்டனிடம் பொல்லடி வாங்கியவர், பிறகு அவருக்கே வலக்கையானவர்.

அடுத்த நாள் காலை அந்தோனி அண்ணையும் ஆட்களும் ஒரு பெரிய ஆமையைக் காவிக்கொண்டு வந்தார்கள். தற்செயலாக வலையில் பட்டதாம். மாதா கோயில் பெருநாள் கறிக்கென்று, கப்டனுக்குத் தெரியாமல், மல்லாத்திப் போட்டிருந்தார்கள். மல்லாந்த ஆமை ஓட ஏலாது, கறி வைக்கும் நாள்வரை உயிரோடு கிடக்கும். கப்டன் கேட்டுவிட்டார் என்பதற்காக, அவரிடமிருந்து ஒளித்ததையே அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பொல்லு எழும்பப் போகிறது என்று நினைத்தேன். அவரோ அந்தோனி அண்ணையின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பதக்கத்தைக் குத்திக்கொண்டு ஆமையைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். அது மெல்ல நீந்திப் போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது கமராக்காரர், கப்டனின் முகத்தில் வெயில் விழவில்லை, இன்னொருக்கால் செய்வோம் என்றார்.

கப்டன் யோசிக்கவே இல்லை.

"பிடிச்சுக் கொண்டு வாங்கோ" என்றார்.

நான் திடுக்கிட்டுப்போனேன். நாட்கணக்காய் மல்லாந்து கிடந்து களைத்த ஆமை, அலைக்குள்ளேயே அகப்பட்டது. இரண்டாம் தரம் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மூன்றாம் தரம் எல்லாம் வடிவாக அமைந்தது, ஆமைதான் நீந்தவில்லை. அலை அதைக் கொண்டுவந்து கப்டனின் சப்பாத்தில் முட்டியது. அதன் கண்ணிலிருந்து நீர் வடிந்திருந்தது. ஆமை உப்பைக் கழிப்பது அப்படித்தான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்தோனி அண்ணை குனிந்து தொட்டுப் பார்த்தார். உயிர் இல்லை.

"கப்டன் ஐயா, நாங்கள் கொல்லுறதெண்டா ஒருக்காத்தான் கொல்லுவம்" என்றார்.

கப்டன் அவர் பக்கம் திரும்பவில்லை. முதல் தரம் எடுத்ததே போதுமா என்று கமராக்காரரைக் கேட்டார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனேன். ஜெனரேற்றர் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

படம் டிவியில் போனது. பிறகு எங்கும் கப்டன் கதைதான். அடுத்து வந்த தேர்தலில் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஜீப்பில் டிவியும் வீடியோ டெக்கும் ஏற்றிக்கொண்டு தம்பலகாமம், கிண்ணியா என்று ஊரூராய்ப் போய்ப் போட்டுக் காட்டினேன். ஆமை கடலுக்குள் போகும், சனம் கைதட்டும். இறக்கக்கண்டிக்கு மட்டும் போக வேண்டாம் என்றார் கப்டன். குண்டுக்குப் பயப்படாத மனுஷன் ஒரு மீனவரின் முகத்துக்குப் பயந்தார்.

வென்றார். நான் இன்னும் அதிர்ந்துபோனது, அந்தோனி அண்ணையும் அவருக்கே வோட்டுப் போட்டார் என்று அறிந்தபோது. ஏன் என்று கேட்டேன்.

"வேறை ஆர் தம்பி எங்கட கரைக்கு வந்தவை?" என்றார்.

கப்டனும் அதற்குப் பிறகு வரவில்லை. கூட்டம், மாலை, பொன்னாடை என்று போய்விட்டார். பொல்லு இல்லாத கரையில் திரும்பவும் முட்டை தோண்டினார்கள். பெரிய ஆமைகள் ஏறிவருவது அருகிப்போயிற்று. கப்டனும் கண்ணை மூடிவிட்டார். அந்தப் படம் இருந்த வீடியோ கசற்றில் எங்கள் முதலாளி மகளின் கல்யாணத்தைப் பதிந்துவிட்டார். அந்தோனி அண்ணை வலை வைக்கும் வாடிக் கொட்டில் இருந்த இடத்தில்தான் இப்போது மகள் தங்கியிருக்கும் ஹோட்டல்.

அவளுக்குப் போன் எடுத்தேன். வீடியோ வடிவு என்றேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"பிள்ளை, அந்தக் குஞ்சை எத்தினை தரம் விட்டனீங்கள்?"

"மூண்டு நாலு தரம் இருக்கும் அப்பா. சின்னவள் கமராவைப் பாக்கேல்லை."

போனை வைத்துவிட்டேன். அந்தோனி அண்ணை நின்றிருந்தால் அன்றைக்குக் கப்டனிடம் சொன்னதையே சொல்லியிருப்பார். இப்போது அந்தக் கரையில் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.