ஐஸுக்குக் குளிருதுங்க

ஐஸ் மெஷினுக்கு வலப்பக்கச் சுவரில் ஒரு கொக்கி இருக்கிறது. அதில் எவர்சில்வர் கரண்டி ஒன்று சங்கிலியோடு தொங்குகிறது. மளிகைக் கடையில் சர்க்கரை அள்ளுவார்களே, அந்த மாதிரி அகலமான கரண்டி. சங்கிலியை இழுத்து, பெட்டிக்குள் விட்டு, வேண்டிய அளவு ஐஸ் அள்ளலாம். அள்ளிய பிறகு சோம்பல்பட்டுக் கரண்டியை ஐஸுக்குள்ளேயே போட்டுவிட்டுப் போக முடியாது. சங்கிலி குறுக்கே நின்று மூடியைச் சாத்தவிடாது. அதற்காகவே அளந்து வெட்டிய சங்கிலி அது. வெட்டியவர் எங்கள் மெக்கானிக்கம்மா. நான்கு பேர் கை பட்ட கரண்டி ஐஸுக்குள் கிடந்தால், நான்கு பேர் கையும் ஐஸுக்குள் கிடப்பது போலத்தான் என்பார். “ஐஸும் சோறு மாதிரிதானுங்க. சோத்துக்குள்ள கைய உட்டுட்டுப் போவீங்களா?” என்று அவர் கேட்டால், பரிமாறுகிறவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் பெரிய விழா மண்டபம் எங்களுடையது. மெஷின் வாங்கிய சமயத்தில் நான் அங்கே சாமான் அறைக்குப் பொறுப்பாளர். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். நாலு எழுத்துப் படித்துவிட்ட மிதப்பு கொஞ்சம் உண்டு. மெக்கானிக்கம்மா மஞ்சூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். குளிர்சாதன வேலையை ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்தவர். அந்த வேலைக்கு ஒரு பெண் வந்ததை முதலாளியால் ஜீரணிக்க முடியவில்லை. ‘மெக்கானிக்கம்மா’ என்று பாதிக் கிண்டலாக அவர்தான் முதலில் கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது, கிண்டல் உதிர்ந்துவிட்டது.

ஊட்டிப் பக்கத்தில் ஐஸ் மெஷின் எதற்கு என்று சிரிக்கிறவர்கள் ஒரு கல்யாணத்துக்கு வந்து பார்க்க வேண்டும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, ஜூஸ் கவுண்டரில் நின்று, “ஐஸ் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க” என்பார்கள். அது தவிர மீனுக்கு ஐஸ், பூவுக்கு ஐஸ், பழத்தட்டுக்கு ஐஸ். முன்பெல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து சாக்கு சுற்றிய ஐஸ் பாளங்கள் லாரியில் வரும். மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டால் லாரி அங்கேயே நிற்கும், ஐஸ் தண்ணீராகி ரோட்டில் ஓடும். அப்படி ஒரு முகூர்த்தத்தில் மானம் போன பிறகுதான் முதலாளி மெஷின் வாங்கச் சம்மதித்தார்.

விற்பனையாளர் வழவழப்பான புத்தகத்தோடு வந்தார். குளிர்ப் பிரதேசம்தானே, சின்ன மெஷினே போதும் என்றார். முதலாளிக்கு அது தேனாக இனித்தது. மெக்கானிக்கம்மா மட்டும் கேட்டார்: “ஏனுங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு ஐஸ் போடும்னு சொல்றீங்க. எங்க கல்யாணக் கூட்டம் ஒரு நாள் முழுக்கவா ஜூஸ் குடிக்கும்? ரெண்டு மணி நேரத்துல குடிச்சுட்டுப் போயிருமுங்க. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஐஸை எங்க சேத்து வெக்கிறது?” விற்பனையாளர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் பதில் இல்லை. கடைசியில், நடுத்தர மெஷினும் அதற்குக் கீழே பெரிய சேமிப்புப் பெட்டியும் வாங்குவதென்று முடிவானது. தூளாக விழும் ஐஸ் தம்ளரில் நொடியில் கரைந்துவிடும் என்று சொல்லி, கெட்டிக் கட்டியாகப் போடும் மெஷினாகவே மெக்கானிக்கம்மா கேட்டு வாங்கினார். இதுவரைக்கும் எல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. அதன் பிறகு நான் நுழைந்தேன்.

மெஷினை எங்கே வைப்பது? சமையலறையில் இடநெருக்கடி. இடத்தைக் குறித்து வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியது என் பொறுப்பு. பின்பக்க வராந்தாவைக் குறித்தேன். வடக்கே பார்த்த வராந்தா, வெயில் எட்டிப் பார்க்காது. “அங்கே நல்ல குளிர். மெஷினுக்கும் வேலை மிச்சம், கரண்டும் மிச்சம்” என்று முதலாளியிடம் சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை அவர் மெச்சினார். மெக்கானிக்கம்மா வரைபடத்தைப் பார்த்ததும் நேரே என்னிடம் வந்தார். “குளிருல வெக்காதீங்கக்கா. சனவரியில ஐஸ் விழுகாதுங்க.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். குளிரில் ஐஸ் வராதாம்! அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். உள்ளே நிற்கும் தகட்டின் மேல் தண்ணீர் வழிந்து ஐஸாக உறைகிறது. போதுமான கனம் வந்ததும், தகட்டின் பின்னால் சூடான வாயு கொஞ்ச நேரம் ஓடுகிறது. அந்தச் சூட்டில்தான் ஐஸ் பிடி விட்டுக் கீழே விழுகிறது. மெஷின் நிற்கும் இடம் ரொம்பக் குளிர்ந்துவிட்டால் அந்த வாயுவில் சூடு இருக்காது. ஐஸ் தகட்டை விடாது. காதில் வாங்கிக்கொண்டேன், மனதில் வாங்கவில்லை. அடுத்த நாளே சமையலறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஐஸ் மெஷினுக்கு ஒரு மங்கி குல்லா பின்னித் தரலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவள் நான்தான். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. மெஷினோடு வந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதி போட்டு ஒரு வரி எழுதினார்: ‘மெஷினைக் குளிரில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.’ கீழே கையெழுத்து.

ஜனவரி வந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய வரவேற்பு. விடிந்து பார்த்தால் கேத்தியின் கேரட் தோட்டங்கள் சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துக் கிடந்தன. நல்ல உறைபனி. ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். கால் பங்கு கூட இல்லை. மேலே தகட்டில் ஐஸ் பாளம் பாளமாக ஏறி, ஒட்டிக்கொண்டு, மெஷின் மூச்சடைத்து நின்றுவிட்டிருந்தது. தலைமைச் சமையல்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், குத்திப் பெயர்க்க. மெக்கானிக்கம்மா குறுக்கே போய் மெஷினில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். “தகட்டுல ஒரு கீறல் உழுந்தா மெஷினே போச்சுங்க. குத்தறதுன்னா என்னைக் குத்திட்டுக் குத்துங்க.” ஸ்க்ரூ டிரைவர் இறங்கியது.

பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. பந்தல்காரரிடம் தார்ப்பாய் வாங்கி மெஷினைச் சுற்றிக் கூடாரம் கட்டினார். காலியாக இருந்த இரண்டு அறைகளிலிருந்து ரூம் ஹீட்டர்களைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார். போதவில்லை. விறுவிறுவென்று முதலாளியின் அறைக்குப் போனார். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் ஓடினேன். முதலாளி மேசைக்கு அடியில் ஹீட்டரை வைத்து, அதன் எதிரே காலை நீட்டி, காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கம்மா குனிந்தார். பிளக்கைப் பிடுங்கினார். ஹீட்டரைத் தூக்கினார்.

“ஏம்மா, என்ன பண்ற?” என்றார் முதலாளி, காலை மடக்கிக்கொண்டு.

“ஐஸுக்குக் குளிருதுங்க” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தார்ப்பாய்க்குள் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. முதல் பாளம் விழுந்த சத்தம். ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்த சமையல்காரரே கை தட்டினார். நான் கை தட்டவில்லை. வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் பெட்டி பாதிக்கு மேல் நிரம்பியது. கடைசி அரைமணி நேரம் மட்டும் ஜூஸ் ஐஸ் இல்லாமல் போனது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதற்காக முதலாளியிடம் குரலை உயர்த்திவிட்டார்.

அந்தக் குரலுக்கு ஒரு ஆள் பலியாக வேண்டுமே. மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, ‘என் கவனக்குறைவால் மெஷின் பழுதடைந்தது, மன்னிக்கவும்’ என்று மெக்கானிக்கம்மா பெயரில் ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. வரைபடத்தில் இருப்பது என் கையெழுத்து. அது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லாமல் செய்தேன். மெக்கானிக்கம்மா முன்னால் நானே கொண்டுபோய் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். “இதுல கவனக்குறைவு யாருதுங்கக்கா?” என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் காகிதத்தை முதலாளியின் மேசைக்கே எடுத்துப்போய் வைத்து, “நா பண்ணாத தப்புக்குக் கையெழுத்து வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க. மூணு நாள் குடுங்க, மெஷினை எடம் மாத்தி வெச்சுட்டுப் போயர்றேன்” என்றார். அடுத்த வாரமும் முகூர்த்தம் இருந்ததால் முதலாளி தலையாட்டினார்.

மூன்று நாளும் அவர் வேலை செய்ததைச் சாமான் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மொறுமொறு வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்பறையை ஒட்டியிருந்த அறைக்கு மெஷினை மாற்றினார். அடுப்புப் பக்கத்தில் ஐஸா என்று இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சுவரில் காற்றுத் துவாரம் வைத்தார், தண்ணீர் வடியக் குழாய்க்குச் சரிவு கொடுத்தார், கரண்டிக்குக் கொக்கி அடித்துச் சங்கிலி வெட்டினார். நோட்டில் மூன்று பக்கத்துக்கு எழுதினார். மழைக்காலத்தில் தண்ணீர் செம்மண் நிறமாக வந்தால் ஃபில்டரை உடனே மாற்ற வேண்டும். பின்பக்க விசிறியின் தூசியை மாதந்தோறும் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். வர்க்கி மாவு புளிக்கிற காற்று மெஷினுக்குள் போனால் ரோஸ் நிறத்தில் வழவழப்பாக ஒன்று படரும். அதனால் புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் இங்கே பதினைந்து நாளைக்கு ஒருமுறை உள்ளே கழுவியே ஆக வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் குளிர வைக்க எவனாவது பெட்டிக்குள் செருகினால் வெளியே எறிந்துவிட வேண்டும். ‘எவனாவது’ என்றேதான் எழுதியிருக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் டிபன் கூடையை எடுத்துக்கொண்டு மஞ்சூர் பஸ் ஏறிவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது.

இரண்டு வருடம் கழித்துக் கட்டபெட்டு என்ற ஊரில் அவர் சொந்தமாக ஒரு பழுது பார்க்கும் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பைக் கடை வாசலில் நின்று கொட்டினேன். ஏதோ ஒரு குளிர்பெட்டிக்குள் தலையை விட்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “அட, உடுங்கக்கா. மெஷின் எப்படி இருக்குது?” என்றார். நன்றாக ஓடுகிறது என்றேன். “ஓடும். வெளிய மட்டும் எடுக்க உட்டறாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ சொன்னார். என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

இன்று நான் மண்டபத்தின் மேலாளர். பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு, மகன் நடத்துகிறார். போன வாரம் அவர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு புது வரைபடத்தை என் முன்னால் விரித்தார். வர்க்கி அடுப்பறையைக் கண்ணாடிச் சுவர் போட்டு மாற்றப் போகிறாராம். விருந்தினர்கள் வர்க்கி சுடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாமாம். அவர்கள் உட்கார ஐஸ் அறை வேண்டுமாம், அதனால் ஐஸ் மெஷின் பின்பக்க வராந்தாவுக்குப் போகிறது. “அங்க நல்ல குளிர் மேடம். மெஷினுக்கும் வேலை மிச்சம், கரண்டும் மிச்சம்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பழைய முட்டாள்தனம் வேறொருவர் வாயிலிருந்து ஒரு சொல் மாறாமல் வந்தது. விளக்கிச் சொன்னேன். தகடு, சூடான வாயு, உறைபனி எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தேன் என்பதால் அவர் மேல் கோபம் வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

மேசைக்கு அடியில் அவருடைய ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலி வேறு. இருந்தாலும் குனிந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

“மேடம், என்ன பண்றீங்க?”

“ஐஸுக்குக் குளிருதுங்க தம்பி. மெஷினை வெளிய வெச்சா சனவரியில இது அங்கதான் இருக்கோணும். இப்பவே பழகிக்குங்க.”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ‘மெஷினைக் குளிரில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்’ என்று எழுதினேன். வரி மெக்கானிக்கம்மாவுடையது. கீழே போட்ட கையெழுத்து என்னுடையது. பல வருடங்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. ஹீட்டரைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நடக்க நடக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நேற்று எனக்கு ஒரு உறை வந்தது. சின்னவரிடம் மரியாதைக் குறைவாக நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டும், மெஷினை மாற்றச் சம்மதித்தும் ஒரு கடிதம். என் பெயரில் அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. இதிலும் எழுத்துப் பிழை இல்லை. யாரோ ஒருத்தி கவனமாகத்தான் அடித்திருக்கிறாள். போட்டால் வேலை இருக்கும். காலையில் ஐஸ் அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன், முக்கால் பங்கு நிரம்பியிருந்தது. கரண்டியைக் கழற்றிக் கழுவித் துடைத்தேன். கையெழுத்துப் போடாமலே கடிதத்தை அந்தக் கொக்கியில் குத்தி, அதன் மேல் கரண்டியைத் திரும்ப மாட்டினேன். உள்ளே ஒரு பாளம் தடதடவென்று விழுந்தது.