அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சென்ற்

மகனுக்கு வாங்கலாமென்று கடையில் ஒரு சென்ற்றை மணிக்கட்டில் தெளித்துப் பார்த்தேன். முதலில் தேசிக்காய்த் தோலின் புளிப்பு மணம், சற்றுப் பொறுத்துச் சீவிய மரம். சிறுவயதில், எங்கள் ஊர் குருநகரில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பாவிடம் வந்த அதே வாசம்.

அப்பா மீன்பிடிப்பவர். சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த அந்தப் போத்தலைத் தேவாலயப் பூசைக்குப் போகும்போது மட்டும் திறந்து, காதின் பின்னால் இரண்டு சொட்டுத் தடவி, நான் முகர்ந்து சொல்லவேண்டுமென்று குனிந்து கழுத்தை நீட்டுவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தேசிக்காய்க்கும் மரத்துக்கும் அடியில் மீன் இருக்கும். பள்ளித் தோழிகளை நினைத்து வெட்கப்பட்டு, "மீன் மணக்குது அப்பா, இன்னும் போடுங்கோ" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு சொட்டுத் தடவுவார்.

பிறகு சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்தது. வள்ளம் மாதக்கணக்கில் கரையிலேயே கிடந்தது. ஒரு ஞாயிறு அப்பா வழமைபோலக் குனிந்தார்.

"இண்டைக்கு எப்பிடி, பிள்ளை?"

"மீன் மணமே இல்லை அப்பா! சென்ற் மட்டும்தான்!" என்று துள்ளினேன்.

அப்பா தன் உள்ளங்கைகளை மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தார். பிறகு அம்மாவிடம், "நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். என்ன பிழையாகச் சொன்னேன் என்று தெரியாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.