வாயை மூடத் தெரியாத வளவு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் போனேன். போன இடத்தில் ஒரே வளவுக்குள் மூன்று வீடு, மூன்று அக்கா தங்கைகள், மூன்று பேரும் கல்வித் திணைக்களச் சம்பளக்காரிகள். கல்முனைக் கரையில் இது ஒன்றும் புதினமில்லை. இங்கே கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒன்று தென்னையில் படும், இல்லாவிட்டால் ஒரு ஆசிரியரில் படும். ஆனால் மூன்று பேரையும் ஒரே வேலிக்குள் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒருவர் தும்மினால் மற்ற இருவரும் திருத்துவார்கள்.

மூத்தவர், எனக்கு மதினி, பழைய முறைக்காரர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் கரைத்துக் குடிக்காத பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுப்பது ஹராம் என்பதுபோலக் கதைப்பார். என் மனைவி நடுவில் பிறந்தவள், தமிழுக்கு ஆசிரிய ஆலோசகர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், எழுத்தை ஒப்புவிக்க வைக்காதீர்கள், சொல்லைக் காட்டுங்கள், படத்தைக் காட்டுங்கள் என்று ஆசிரியர்களுக்கே வகுப்பெடுப்பவள். அவளுடைய செயலமர்வுகளில் வர்ண அட்டைகள் இருக்கும், குழுச் செயற்பாடு இருக்கும், பத்து மணிக்குக் கட்லட் இருக்கும். கடைசித் தங்கைக்கு எல்லாமே கைபேசிதான். எழுத்தைச் சரியாகத் தொட்டால் ஒரு கரடி கைதட்டும், பிழையாகத் தொட்டால் அது அழும்.

நான் கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். ஆணி நிறுப்பவனுக்கு இந்த விவாதங்களில் வாக்குரிமை இல்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டு, எந்தப் பக்கம் சத்தம் கூடுதலோ அந்தப் பக்கம் தலையாட்டுவேன். குடும்பம் நடத்த இதைவிடப் பெரிய கல்வி தேவையில்லை என்பது என் கட்சி.

எங்கள் ஒரே மகள் அப்போது தரம் மூன்று. அஸர் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் அவளுடைய வாசிப்பு அரங்கேறும். புத்தகத்தை மடியில் வைத்து, முன்னும் பின்னும் லேசாக ஆடி, கணீரென்று வாசிப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். "டீச்சர்மாரிட புள்ளண்டா சும்மாவா" என்பார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று நான் நினைத்துக்கொள்வேன். எவரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்கள். மகளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பக்கத்துக் கடையில் ஒரு புதுக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, வாசியுங்க மகள் என்று சொல்லிவிட்டு, ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"என்ன மகள், வாசிக்கல்லியா?"

"சொல்லுங்க வாப்பா."

"என்னத்தச் சொல்ற?"

"நீங்க சொன்னாத்தானே நான் வாசிக்கலாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முதல் சொல்லில் விரலை வைத்துக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த சொல்லும் தெரியவில்லை. ஆணி வாங்க வந்தவர் தராசைப் பார்த்தபடி நிற்கிறார், எனக்கு நிறை மறந்துபோய்விட்டது.

அன்று கடையைப் பூட்டும்வரை யோசித்தேன். விஷயம் மெல்லப் பிடிபட்டது. குர்ஆன் ஓதப் போகும் இடத்தில் மௌலவி ஒரு ஆயத்தை முதலில் ஓதுவார், பிள்ளைகள் கேட்டுத் திருப்பி ஓதுவார்கள். அங்கே அதுதான் முறை, நாக்கு அப்படித்தான் திரும்பும். எங்கள் விறாந்தையில் தமிழ்ப் புத்தகத்துக்கும் அதே கதை நடந்திருக்கிறது. பிள்ளை ஒரு சொல்லில் மூச்சு வாங்கினால் போதும், மூன்று பக்கமிருந்தும் அந்தச் சொல் வந்து விழும். குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டே பெரியம்மா எடுத்துக் கொடுப்பார். சாச்சியான கடைசித் தங்கை தன் வீட்டு ஜன்னலால் எடுத்துக் கொடுப்பாள். பிள்ளை அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். இரண்டாம் நாள் முழுப் பக்கமும் காதில் ஏறிவிடும். ஒரு நொடி மௌனத்தைத் தாங்க முடியாத மூன்று ஆசிரியைகளுக்கு நடுவில் எந்தப் பிள்ளைக்குத்தான் எழுத்தைப் பார்க்க அவசியம் வரும்?

வீட்டில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. புதுப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்த பிறகு வளவே சாவு விழுந்த மையித்து வீடுபோல் ஆகிவிட்டது. பிறகு யுத்தம் தொடங்கியது. எழுத்துத் தெரியாததால் வந்த வினை என்றார் மதினி. எழுத்து எழுத்து என்று வெருட்டியதால் வந்த வினை என்றாள் என் மனைவி. காலையில் அரிச்சுவடி, பின்னேரம் வர்ண அட்டை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கரடி. கரடி அழுதுகொண்டே இருந்தது. ஒருவர் வகுப்பில் மற்றவர் வந்து எடுத்துக் கொடுப்பதும் குறையவில்லை. நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். ஆனால் எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூட நாட்களில் மகளுக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியது. ஒரு காலையில் சப்பாத்தைப் போட்டுவிடும்போது என்னிடம் கேட்டாள்.

"வாப்பா, நான் மொக்கா? எனக்குப் படிப்பு ஏறாதா?"

"ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. எல்லாரும் மெதுவாக் கதைக்கிறாங்க."

அந்த வளவில் ஆட்கள் மெதுவாகக் கதைக்கிறார்கள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்பது பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கிறது. அன்று மனைவிமேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வந்த கோபத்தை அப்படியே சொன்னேன். அவள் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது புதினம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், விறாந்தையில் அக்காவையும் தங்கையையும் உட்கார வைத்து அவள் செயலமர்வு நடத்திக்கொண்டிருக்கிறாள். அட்டை இல்லை, கட்லட்டும் இல்லை.

"இனி புள்ள வாசிக்கக்குள்ள ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது" என்றாள். "நானும்தான்."

"அப்ப பிழையா வாசிச்சா?" என்றார் மதினி.

"வாசிக்கட்டும்."

"ஒண்டுமே வாசிக்காட்டி?"

"இருக்கட்டும் ராத்தா. பள்ளிக்கூடங்களில போய், புள்ளைக்கு யோசிக்க நேரம் குடுங்க எண்டு நாந்தான் சொல்லுறன். இஞ்ச அதுக்கு மூச்சு விடவும் விடுறல்ல."

சொல்வது சுலபம். முதல் நாட்கள் பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளை ஒரு சொல்லில் நின்று எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகத் தேடும். மதினி முந்தானையை வாயில் அமுக்கிக்கொள்வார். அவருடைய உதடு துணிக்குள் அசைவது தெரியும். கடைசித் தங்கை எழுந்து ஓடிவிடுவாள். என் மனைவி தன் கைகளின்மேல் உட்கார்ந்துகொள்வாள், வாய்க்கும் கைக்கும் அவளுக்கு ஒரே நரம்பு. வேலிக்கு அந்தப் பக்கம் போனவர்கள், "என்ன, டீச்சர்மாருக்குள்ள சண்டையா, சத்தத்தக் காணல்ல?" என்று விசாரித்தார்கள். மகள் சில நாள் அழுதாள். சில நாள் புத்தகத்தை வீசினாள். ஒரு நாள் "மரம்" என்று தானாகச் சொல்லிவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மரம்தான் எழுதியிருந்தது. எங்களில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

எழுத்துகளை அவளே கேட்க ஆரம்பித்தாள். கேட்டதை மட்டும் சொன்னோம். மதினியின் அரிச்சுவடியும் வேண்டியிருந்தது, மனைவியின் அட்டையும் வேண்டியிருந்தது. கரடி மட்டும் ஒன்றுக்கும் உதவவில்லை. இப்போது அவள் வாசித்தால் கணீர் இல்லை, ஆட்டம் இல்லை. மழைத் தண்ணீருக்குள் செருப்பைத் தேடுகிறவள் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் காலை வைத்தாள். கேட்கிறவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும். எனக்கு அந்தத் திக்கல் அவ்வளவு பிடித்தது.

ஒரு பின்னேரம் கடையிலிருந்து வரும்போது பருப்பு வடை வாங்கி வந்தேன். எங்கள் ஹோட்டல்களில் வடை சுற்றித் தருவது பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பித் தாளில். பொட்டலங்களைத் தட்டில் வைத்துப் பிரித்தோம். எல்லாரும் வடையை எடுக்க, மகள் எண்ணெய் ஊறிய ஒரு தாளை எடுத்தாள். யாரோ ஒரு பிள்ளை எழுதிய கட்டுரை. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதது, எங்களில் எவருக்கும் தெரியாதது. விரலை வைத்துத் தொடங்கினாள்.

"எங்... கள்... வீட்டில்... ஒரு ஆடு... உண்டு. அது... எல்லாம் தின்... தின்னும். ஒரு நாள்... வாப்பா... கட்டும்... சாரனைத் தின்... றது. வாப்பா... அதை..."

தாள் அங்கே கிழிந்திருந்தது.

அவள் தாளைத் திருப்பினாள். அந்தப் பக்கம் கூட்டல் கணக்கு. மறுபடி திருப்பினாள். "வாப்பா அத என்ன செஞ்சாரு?" என்றாள். கோபமாகவே கேட்டாள். ஒரு புத்தகம் எங்கே போய் முடிகிறது என்று அவள் அதுவரை எங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மதினியால் தாங்க முடியவில்லை. வாயிலிருந்த வடையோடு, "அடிச்..." என்று தொடங்கிவிட்டார்.

"நீங்க சொல்லாதீங்க பெரியம்மா" என்றாள் மகள். "உங்களுக்கும் தெரியாதே."

பிறகு தட்டிலிருந்த வடைகளைத் தூக்கி எங்கள் கைகளில் திணித்துவிட்டு, அடியில் கிடந்த மற்றத் தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தாள்.