சின்ன உடம்பின் கணக்கு

எங்கள் பெர்சிஸுக்குக் கணக்கு டீச்சராக ஆசை. வீட்டில் நர்ஸிங்கில் சேர்த்துவிட்டார்கள். ஆசை விடுமா? ஆம்பூரில் எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் கணக்குப் பாடம் கேட்டாக வேண்டும்.

குறைமாதக் குழந்தை ஏன் சீக்கிரம் சில்லிட்டுப்போகிறது என்று யாராவது கேட்டால் போதும், பஞ்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"இதை நீளம், அகலம், உயரம் மூணுலயும் பாதியாக்குங்க. உள்ளே புடிக்கிறது எட்டுல ஒரு பங்கா ஆய்டும். வெளிப்பரப்பு நாலுல ஒரு பங்காத்தான் ஆவும். சின்ன உடம்புல சூடு கம்மி, அந்தச் சூட்டைப் பாத்தா அது வெளியே போற தோல் ஜாஸ்தி. அண்டாச் சோறு லேசுல ஆறாது, கரண்டிச் சோறு உடனே ஆறிடும் இல்ல? அதான்."

போன மழைக்காலத்தில் மோகனா என்ற பெண்ணுக்கு மாதம் நிறையாமலே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். குடித்த பாலெல்லாம் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே சரியாகப் போனது. எடை ஏறவில்லை. இனி அம்மாவின் வெறும் மார்போடு சேர்த்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கென்று பார்த்து மோகனாவுக்குக் காய்ச்சல்.

"அப்பா வெச்சிக்கட்டும்" என்றார் டாக்டர்.

அப்பா கோபி கதவுக்கு வெளியிலேயே நின்றான். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. துணி சோப்பு போட்டுத் தேய்த்ததில் மார்பு செக்கச்செவேல் என்றிருந்தது.

"எவ்ளோ தேய்ச்சாலும் நாத்தம் போவல சிஸ்டர். பச்சப் புள்ளைக்கு ஒத்துக்காது. நான் தொடமாட்டேன்."

பெர்சிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இன்னா பேசறீங்க? எங்கப்பாவும் தோல் ஷாப்தான். அவர் மேல படுத்துத் தூங்கித்தான் வளந்தேன். குளிச்சாச்சு இல்ல? அவளுக்கு இப்ப சூடு வேணும். நீங்கதான் அண்டா. உள்ளே வாங்க."

நாற்காலியில் சாயவைத்து, குழந்தையை அவன் மார்பில் கிடத்தித் துணியால் சுற்றினாள். பயத்தில் அவன் விறைத்துக் கிடந்தான்.

"மூச்சு விடுங்கண்ணா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் துணிக்குள் கை விட்டு அந்தப் பிஞ்சுப் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். கதகதவென்று இருந்தன. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள்தான், அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காய்ச்சல் விட்டு மோகனா வந்தாள். ஆசையோடு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கோபி அசையவில்லை. "நீ இன்னும் கொஞ்சம் படுத்துக்கோ மோகனா. நான் வெச்சினு இருக்கேன்."