களிக்குள் போன மருந்து

எங்கள் வீட்டில் ராகிக் களியை யாரும் மெல்ல மாட்டோம். பிட்டு, உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் அளவு உருண்டை என் நைனாவின் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். அதே மனிதருக்கு ஒரு சின்ன மாத்திரை இறங்காது! குமட்டிக்கொண்டு வந்துவிடும்.

ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்டது நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. அதை டம்ளர் அடியால் நசுக்கி, வெல்லத்தோடு நக்கியிருக்கிறார். நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய், மாந்தோப்பு வரப்பில் தலைசுற்றி விழுந்தார். திருப்பதி டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நானோ அதே ஊரில் எம்.பார்ம் படிக்கிறவள். எனக்கு மானம் போனது. வெளியே வந்ததும் கத்தித் தீர்த்தேன்.

"முழுசா போட்டா தொண்டையிலியே நின்னுக்குது. நான் இன்னா பண்றது?" என்றார்.

டாக்டர் மூன்று வேளை மாத்திரைக்கு மாற்றினார். அதை நசுக்கினால் பாதகமில்லை. ஆனால் தோப்புக்குப் போனால் மத்தியான வேளை மறந்துபோகும். இன்னொரு முறை விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், விறகு பொறுக்குகிற சாக்கில் அம்மா தினமும் அவர் பின்னாலேயே போக ஆரம்பித்தாள். வீட்டில் எரிவது கேஸ் அடுப்பு.

என் ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொண்டேன். மருந்தைக் கடுகளவு மணிகளாக்கி, ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக மேலுறை பூசி, காப்ஸ்யூலில் அடைப்பது. முழு மாத்திரையை உடைத்தால் கதை முடிந்தது. இதைத் திறந்து கொட்டினாலும் ஒவ்வொரு மணியும் மெதுவாகவே கரையும். மணியைப் பல்லில் கடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆப்பிள் கூழில் கலந்து விழுங்கலாம் என்று புத்தகம் சொன்னது. எங்கள் வீட்டில் ஆப்பிள் கூழுக்கு எங்கே போவது?

மருந்தில்லாத வெறும் மணிகளைத் தயிர்சாதத்தில் கலந்து கொடுத்தேன். நைனா நறநறவென்று மென்றார். "மண்ணு துன்ற மாறி கீது" என்று தட்டைத் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அவர் களி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு உருண்டை, விழுங்கல். இன்னொரு உருண்டை, விழுங்கல். பல் என்ற ஒன்று அங்கே வேலையே செய்யவில்லை. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

ஹாஸ்டல் சமையலறையில் களி கிண்டி, கொதிக்கக் கொதிக்க மருந்து மணிகளைப் போட்டு, ஆய்வகத்தில் சோதித்தேன். மேலுறை இளகி, முதல் மணி நேரத்திலேயே மருந்து மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அழுகையே வந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியை, தெலுங்குக்கார அம்மா, நிதானமாக ஒன்று கேட்டார்: அடுப்பிலிருந்து எடுத்ததும் உங்கள் வீட்டில் வாயில் போடுவீர்களா? மாட்டோம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் உருட்டவே முடியும். இருபத்து நான்கு வருடம் களி தின்றவளுக்கு இது தெரியவில்லை!

ஆறவைத்து மறுபடி போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாதிரி எடுத்து, எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளந்தேன். வரைபடத்தில் கோடு மெல்ல, மெல்ல, சாயங்காலம் வரை ஏறிக்கொண்டே இருந்தது. ஆய்வகத்தை இரண்டு சுற்று ஓடினேன். "சங்கட்டிதோ சாதிஞ்சாவம்மா" என்று பேராசிரியை முதுகில் தட்டினார். களியை அவர்கள் சங்கட்டி என்பார்கள்; களியாலேயே சாதித்துவிட்டாய் என்று அர்த்தம்.

என் மணிகள் ஆய்வகச் சரக்கு. நோயாளி வாய்க்குப் போகக் கூடாது. டாக்டர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இதே முறையில் செய்த, கடையில் கிடைக்கும் காப்ஸ்யூல் ஒன்றைச் சொன்னார். அதையும் களியில் வைத்துச் சோதித்தேன். தாங்கியது. அதன் பிறகுதான் எழுதிக் கொடுத்தார்: தினம் ஒன்று, மத்தியான வேளையே கிடையாது.

நைனா முதல் உருண்டையில் கட்டைவிரலால் குழி செய்தார். நான் காப்ஸ்யூலைத் திறந்து கொட்டினேன். மூடி உருட்டினார், குழம்பில் தோய்த்தார், விழுங்கினார்.

"எங்கடி மருந்து?"

"உள்ள போயிட்ச்சி நைனா."

"அட, இவ்ளோதானா!" என்று அடுத்த உருண்டையைப் பிட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்தேன். இரண்டு மாதம் கழித்து லீவில் வந்தபோது நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார். அம்மா டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். விறகு வேண்டாமா என்று கேட்டேன்.

"கேஸ் கீதேடி" என்றாள்.