அப்படி ஒருவர் இங்கே வசிக்கவில்லை

தாலி கட்டிய அன்றே நான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று என் கணவர் வீட்டார் நம்பினார்கள். நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ நகரில். அங்கே வேலைக்கு வந்திருந்த, பெரம்பலூர் பக்கம் குன்னம் ஊர்க்காரரை மணந்து, அவரோடு இங்கு வந்தேன். என் பாஸ்போர்ட் இன்றும் மலேசியாவினுடையதே. நான் இந்தியாவில் தங்குவதற்கான அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்கும் வேலையைக் கணவரே கவனித்துக்கொண்டார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

அவர் அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மக்காச்சோளம் ஒடிக்கும் காலத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய தந்தையை நான் மாமா என்று அழைப்பேன். ஏற்கெனவே பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்திருந்த அவர், மகனை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு வாசற்படியைத் தாண்டவே இல்லை.

சென்ற ஆண்டு அனுமதி முடியும் காலம் வந்தது. அது கணவரை முன்னிட்டுக் கிடைத்த அனுமதி. இம்முறை அவர் இல்லாமல் நானே விண்ணப்பித்தேன். சில வாரங்களில் பதில் வந்தது. நேரில் விசாரித்ததில், அப்படி ஒருவர் அந்த முகவரியில் வசிக்கவில்லை. ஆகவே அனுமதி நீட்டிக்கப்படாது. குறித்த நாளுக்குள் நான் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும்.

சின்ன வெங்காயம் உரித்த கையோடு அதைப் படித்தேன். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. யாருக்காக அந்தச் சோறு பொங்குகிறதோ அவர்களோடு நான் வசிக்கவில்லையாம். ஈப்போவில் எனக்குப் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. மகள் கிரேஸ் இங்கே பிறந்தவள், பத்தாம் வகுப்பில் இருந்தாள். மாமாவைத் தூக்கி உட்கார வைக்க வேறு ஆள் கிடையாது.

பெரம்பலூரில் வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகவே சொன்னார். "எங்க ஏட்டு நேர்ல வந்து கேட்டுட்டுத்தாம்மா எழுதியிருக்காரு. வெள்ளிக்கிழம வந்திருக்காரு. நீங்க இல்லையே."

வெள்ளிக்கிழமை. அன்று நான் அரியலூரில், நம் சபையின் உபவாச ஜெபத்தில் இருந்தேன்.

சகோதரிகளே, உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். திரும்பும் பஸ்ஸில் நான் ஜெபிக்கவில்லை, முறையிட்டேன். "ஆண்டவரே, அவர் என் வீட்டுக்கு வந்த நேரத்தில் நான் உம்முடைய வீட்டில் அல்லவா இருந்தேன்?" அந்த வாரம் முழுவதும் வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரிந்தன, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பின்பும் நான் எழுந்திருக்கவில்லை. அதுவரை, நல்ல அதிகாரியைத் தாரும், நல்ல பதிலைத் தாரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று கேட்க வார்த்தை வரவில்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் சொன்னேன். அந்த அமைதியில் ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது: மாமாவிடம் சொல். அவர் உடல் தாங்காது என்று அஞ்சி, அவரிடம் மட்டும் நான் எதையும் சொல்லாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் என்னை அருகில் கூப்பிட்டார்.

"வந்தாரும்மா ஒருத்தரு. வெளிநாட்டுக்காரப் பொம்பள யாராச்சும் இந்த வூட்ல இருக்காங்களான்னு கேட்டாரு. இல்லீங்க, நானும் எம்மவளும் பேத்தியுந்தான் இருக்கோம்னேன்."

மகள் என்று அவர் சொன்னது என்னை. அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் அக்கா ஓடி வந்தார். விவரம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, எங்ககிட்டயும் கேட்டாரு ஸ்டெல்லா. புருசன் இல்லாத புள்ள, போலீசு வம்பு எதுக்குன்னு, அப்படி யாருமே இல்லன்னு தெருவே சொல்லிட்டோம்."

வந்த நாளிலிருந்து என்னை மலேசியாக்காரி என்றே அழைத்த தெரு அது.

மாமா நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பற்றினார். "காலையில ஆட்டோ சொல்லு. நீ உன் சாமிகிட்ட சொல்லிட்ட. நான் ஆபீசுல போயி சொல்றேன்." நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர் அவர். என் ஜெபத்தை ஒருநாளும் தடுத்ததில்லை.

மறுநாள் ஆட்டோவில் மாமா, நான், செல்லம்மாள் அக்கா, இன்னும் இரண்டு பெண்கள். "ஒண்ணாப் புளுகினோம், ஒண்ணாவே ஒத்துக்குவோம்" என்றார் அக்கா.

பெண் அதிகாரி ஒருவர் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். "வெளிநாட்டு ஆள ஒளிச்சு வைக்கிறது குத்தம், தெரியுமா?"

"ஒளிச்சு எங்கங்க வச்சோம்? தெனம் கொழாயடியில எங்ககூட மல்லுக்கு நிக்குது" என்றார் அக்கா.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து நிற்க முயன்றார். நான் தாங்கிக்கொண்டேன். "இது எம்மவ இல்லீங்க. மருமவ. மலேசியாக்காரி." என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். "எம்மவன் கூட்டியாந்தது. அனுப்பிச்சுராதீங்க."

அதிகாரி எல்லோருடைய வாக்குமூலத்தையும் எழுதி வாங்கச் சொன்னார். அந்த வாரமே மறு விசாரணைக்கு ஏட்டு வந்தார். "இந்தத் தடவயாச்சும் இருக்கீங்களே" என்று சிரித்தார். குறித்த நாள் வருவதற்கு முன்பே அனுமதி வந்தது, கணவரை முன்னிட்டு அல்ல, என் பெயரிலேயே.

நான் அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்திருந்தால், விசாரணை அன்றே முடிந்திருக்கும். என்னை மகள் என்று அவர் சொன்னதை மட்டும் நான் அறிந்திருக்கமாட்டேன். கணவர் போன பின் இந்த வீட்டில் எனக்கு என்ன உரிமை என்று மனத்துக்குள் அழுதுகொண்டிருந்தவள் நான். நான் கேட்டது தங்குவதற்கு அனுமதி. கர்த்தர் எனக்குத் தகப்பனையும் தந்தார்.

ஆகவே, பதில் வராத வாரத்தில் இருக்கிறவர்களே, கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். கூடவே, யாரிடம் சொல்ல அஞ்சுகிறீர்களோ அவரிடமும் சொல்லிப் பாருங்கள்.

மாமா இப்போது மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். கிரேஸ் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இந்த முகவரியில் நாங்கள் மூவரும் வசிக்கிறோம்.